மொழி புரியாத வெளிநாட்டவர் விபத்தில் அடிபட்டு வந்தால் செவிலியர் எப்படிக் கவனிக்கிறார்கள்?

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய செவிலியர் என்ற முறையில் எழுதுகிறேன். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுத் தேக்கடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகும் வழியில் வேன் கவிழ்ந்து வந்த சுற்றுலாப் பயணிகளே நான் கவனித்த வெளிநாட்டவரில் அதிகம். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரெஞ்சு அல்லது இத்தாலியம் மட்டுமே பேசும் முதியவரிடம் அது எடுபடாது.

உரையாட முடியாததைக்கூடச் சைகையால் சமாளிக்கலாம்; நோயாளியின் நிலையைக் கணிப்பதுதான் தடுமாறும். தலையில் அடிபட்டவரின் நினைவு நிலையை அளக்க 1974 முதல் வழக்கில் உள்ள கிளாஸ்கோ அளவுகோலில் மொத்தம் 15 மதிப்பெண். அதில் 5 பேச்சுக்குரியது. இது எந்த ஊர், எந்த மாதம் என்ற கேள்வியே புரியாமல் அவர் தம் மொழியில் ஏதோ சொன்னால், தெளிவாக இருப்பவருக்கும் குழப்பம் என்று 4 போட்டுவிட நேரும். இதைவிட ஆபத்தானது, மூளையில் இரத்தக் கசிவு கூடிப் பேச்சு உண்மையிலேயே குழறும்போது, மொழிதான் காரணம் என்று விட்டுவிடுவது. எனவே மொழித் தடை இருப்பதை அட்டவணையிலேயே குறித்துவிட்டு, கண் திறப்பையும் கை கால் அசைவையும் கூர்ந்து பார்ப்போம். முடிந்தபோதெல்லாம் அவருடைய உறவினரை வீடியோ அழைப்பில் கொண்டுவந்து, அதே கேள்விகளை அவர்கள் மொழியில் கேட்கச் சொல்வோம்.

வேன் ஓட்டுநரையோ சுற்றுலா வழிகாட்டியையோ மொழிபெயர்க்க வைப்பதை நான் ஏற்பதில்லை. விபத்து வழக்கில் அவர்களும் சம்பந்தப்பட்டிருக்கக்கூடும். தவிர, சிறுநீர்க் குழாய் பற்றி ஒரு பெண் அவர்கள் முன்னிலையில் வாய் திறக்க மாட்டார். தண்ணீர், வலி, கழிப்பறை என்ற அளவுக்குக் கைபேசிச் செயலி உதவும். அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வாங்க அது போதாது. பிரெஞ்சுக்காரர் என்றால் புதுச்சேரியில் உள்ள துணைத் தூதரகத்துக்கும் ஜெர்மானியர் என்றால் சென்னையில் உள்ளதற்கும் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

மன அதிர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு. இரவில் எதிரே வந்த லாரி மோதி அடிபட்ட ஒரு பெண்மணி, கண்மணியைப் பார்க்க மணிக்கொரு முறை டார்ச் அடித்தபோதெல்லாம் அலறினார். மறுநாள் முதல், படுக்கை விளக்கைப் போட்டு, தோளைத் தொட்டு எழுப்பி, டார்ச்சை அவர் கையிலேயே கொடுத்து, முதலில் என் கண்ணில் அடித்துக் காட்டியபின் விளக்கை அணைத்துச் சோதித்தேன். பயம் முழுதாகப் போகவில்லை என்றாலும் அலறல் நின்றது.

நம் ஊர் நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கவும் தலை வாரவும் துணைக்கு ஆள் இருக்கும். இவர்களுக்கு அதையும் செவிலியரே செய்ய வேண்டும். பணக் கவலைக்கும் ஒரு வழி உண்டு: 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டப்படி, தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த நாட்டவரானாலும், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு நிர்ணயித்த சிகிச்சைகள் இலவசம்.

ஊர் திரும்பும்போது கொடுக்கும் சிகிச்சைச் சுருக்கத்தில் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்; இங்கு விற்கும் பிராண்டுப் பெயரை வைத்து அங்குள்ள மருந்துக் கடையில் ஒன்றும் வாங்க முடியாமல் போகலாம்.