ஈரத்தாளில் ஓர் அஞ்சலி

கேள்வி: ஓரிகாமி என்னும் தாள் மடிப்புக் கலையின் மேதை அகிரா யோஷிசாவாவின் நினைவாக, அவருடைய ஈரமடிப்பு முறையில் யானை செய்கிறேன். மூலைகள் கிழிகின்றனவே, ஏன்?

பதில்: தண்ணீர் கூடிவிட்டது. தாளும் மெல்லியதாக இருக்கலாம். வாட்டர்கலர் தாள் போல, பசையேற்றிய தடித்த தாள்தான் வேண்டும். ஈரத்தில் அந்தப் பசை இளகும். காய்ந்ததும் வளைவை அப்படியே இறுக்கிப் பிடிக்கும். நன்றாகப் பிழிந்த துணியால் இரு பக்கமும் ஒற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் தாள் சுருளும். தொட்டால் ஜில்லென்று இருக்கலாம், மினுமினுக்கக் கூடாது. மினுங்கினால் பொறுங்கள். பல மடிப்புகள் கூடும் மூலையில் நகம் படவே வேண்டாம். தும்பிக்கையை வளைத்து, காயும்வரை நூலால் கட்டிவையுங்கள்.

அஞ்சலிக்கு ஏற்ற நாள் மார்ச் 14. 1911-ல் யோஷிசாவா பிறந்ததும், 2005-ல் மறைந்ததும் அதே தேதியில்தான்!