வண்டி கேள்வி பதில்: மோட்டார்வேல கார் ஏன் திடீர்னு மிரளுது?

இங்கிலாந்துல எலெக்ட்ரிக் கார் வாங்கின நம்ம ஆளுங்ககிட்ட இருந்துதான் இந்தத் தடவை நிறைய கேள்வி. சார்ஜிங் பத்தி யாரும் கேக்கல, எல்லாருக்கும் மோட்டார்வேல, அதாவது இங்க இருக்கிற எக்ஸ்பிரஸ்வேல, முன்னாடி போற வண்டியைப் பாத்து ஸ்பீடை தானா வச்சுக்கிற க்ரூஸ், வண்டியை லேனுக்குள்ளயே வச்சுக்க உதவற லேன் அசிஸ்ட் சமாச்சாரம்தான் தலைவலி போல.

கேள்வி: லண்டனைச் சுத்திப் போற எம்25 மோட்டார்வேல நடு லேன்ல 70 மைல் ஸ்பீடுல க்ரூஸ் போட்டுட்டு போறேன் சார், முன்னாடி ஒரு வண்டியும் இல்ல, திடீர்னு கார் தானா பிரேக் பிடிக்குது. பின்னாடி வர்ற லாரிக்காரன் லைட்டைப் போட்டு திட்டுறான். சர்வீஸுக்குக் குடுத்தா "நார்மல்தான்"னு திருப்பிக் குடுத்துடறாங்க. வீட்டுக்காரம்மா அந்த பட்டனைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. (ஈஸ்ட் ஹாம் வாசகர்)

பதில்: சர்வீஸ்காரங்க சொன்னது எரிச்சலா இருந்தாலும் பாதி உண்மைதான். இதுக்கு பேன்டம் பிரேக்கிங்னு பேரே இருக்கு, உங்க காருக்கு மட்டும் வந்த வியாதி இல்ல. 2022 பிப்ரவரியில அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு அமைப்பு டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் மேல வந்த 354 புகாரை வச்சு இதுக்குன்னே விசாரணை ஆரம்பிச்சாங்க. மத்த கம்பெனி கார்லயும் இது உண்டு.

அடுத்த தடவை நடக்கும்போது ஸ்க்ரீன்ல ஒண்ணே ஒண்ணைக் கவனிங்க. ஸ்பீடு லிமிட் நம்பர் அந்த நேரத்துல மாறுச்சா? 70 போய் 40-ன்னு வந்துச்சுன்னா தப்பு மேப்புலயோ போர்டு படிக்கிற கேமராவுலயோ இருக்கு. பக்கத்துல ஒட்டியே போற சின்ன ரோட்டுல நீங்க இருக்கீங்கன்னு ஜிபிஎஸ் நினைச்சுக்கும், இல்லன்னா ஸ்லிப் ரோட்டுக்கு (மோட்டார்வேல ஏற, இறங்கப் போட்ட கிளை ரோடு) வச்ச போர்டை உங்களுக்குன்னு கேமரா எடுத்துக்கும். இதுக்கு மருந்து சுலபம், செட்டிங்ஸ்ல போய் லிமிட்டுக்கு ஏத்த மாதிரி க்ரூஸ் ஸ்பீடை தானா மாத்துறதை மட்டும் ஆஃப் பண்ணுங்க, க்ரூஸ் அப்படியே இருக்கட்டும்.

நம்பர் மாறாமலே பிரேக் பிடிச்சா அது ரேடார், கேமரா பண்ற வேலை. பாலத்தோட நிழல், ரோட்டுக்கு மேல போர்டு மாட்ட நிக்கிற கேன்ட்ரிங்கற இரும்புச் சட்டம், வளைவுல பக்கத்து லேன் லாரி உங்க லேன்ல நிக்கிற மாதிரி தெரியறது, இதெல்லாம்தான் காரணம். முன்னாடி கண்ணாடியில கேமரா இருக்கிற இடத்தையும் ரேடார் இருக்கிற முன்பக்க பேனலையும் சுத்தமா துடைச்சு வைங்க. பிரேக் பிடிச்ச உடனே ஆக்சிலரேட்டரை லேசா அமுக்குங்க, க்ரூஸ் போடற பிரேக்கை அது தள்ளிட்டுப் போயிடும். மோட்டார்வேல போறப்ப வலது காலை மடக்கி சீட்டுக்குக் கீழ வச்சுக்கறவங்க இருக்காங்க, அந்தப் பழக்கம் வேணாம். பெடல் பக்கத்துலயே கால் இருக்கட்டும்.

கேள்வி: என் கார் டிராஃபிக்ல அழகா நின்னு அழகா கிளம்புது. அப்புறம் ஏன் மேனுவல்ல "நிற்கும் வாகனங்களுக்கு செயல்படாமல் போகலாம்"னு போட்டிருக்கான்? கேஸ் வராம இருக்கவா? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

பதில்: இல்லைங்க, இது வக்கீல் எழுதின வரி மட்டும் இல்ல. எனக்கு முதல் கேள்வியை விட இதுதான் பயம். சும்மா பிரேக் பிடிக்கிற கார் உங்களைத் திடுக்கிட வைக்கும், பிடிக்க வேண்டிய இடத்துல பிடிக்காத கார் ஒரு சத்தமும் போடாது.

டிராஃபிக்ல முன்னாடி போற வண்டியை உங்க கார் ஏற்கனவே பாத்து வச்சிருக்கு, அது மெதுவாகி நின்னா இதுவும் நிக்கும். ஆனா 70-ல போறப்ப ரேடாருக்கு போர்டு, கம்பி, பாலம் எல்லாமே நிக்கிற பொருள்தான். ஒவ்வொண்ணுக்கும் பிரேக் போட்டா வண்டி ஓட்டவே முடியாது, அதனால தூரத்துல அசையாம நிக்கிறதுல நிறைய விஷயத்தை சாஃப்ட்வேர் கண்டுக்காம விடற மாதிரிதான் பல சிஸ்டம் பண்ணியிருக்காங்க. இப்ப வர்ற கார்ல கேமரா கொஞ்சம் உதவுது. இருந்தாலும் இதை யோசிச்சுப் பாருங்க: உங்களுக்கு முன்னாடி ஒரு வேன், அதுக்கு முன்னாடி பஞ்சராகி நிக்கிற ஒரு கார். வேன்காரர் கடைசி நிமிஷத்துல லேன் மாறிடறார். உங்க க்ரூஸுக்கு என்ன தெரியும்? வேன் போயிடுச்சு, ரோடு காலின்னு நினைச்சு சில நேரம் ஸ்பீடு ஏத்தக்கூட செய்யும்.

ஸ்மார்ட் மோட்டார்வேன்னு சொல்ற, மேல இருக்கிற எலெக்ட்ரானிக் போர்டால டிராஃபிக்கை கட்டுப்படுத்தற ரோட்டுல சில இடத்துல ஹார்ட் ஷோல்டரே, அதாவது பழுதான வண்டி ஒதுங்கி நிக்கிற ஓர லேனே, கிடையாது, நின்ன வண்டி லேன்லயே நிக்கும். புதுசா அப்படி ரோடு போடறதை 2023 ஏப்ரல்ல அரசாங்கமே கைவிட்டுட்டாங்க, ஏற்கனவே போட்டது இருக்கத்தான் இருக்கு. அங்க லேன் மூடியிருக்குன்னு மேல சிவப்பு எக்ஸ் போட்டா உங்க கார் அதுக்காக லேன் மாறும்னு நம்பி உக்காராதீங்க. அதுல போய் மாட்டினா 100 பவுண்டு ஃபைன், லைசன்ஸ்ல 3 தண்டனை பாயின்ட், ஃபைன் காருக்கு வராது. இடைவெளி செட்டிங்கை பெருசுல வைங்க. நடுவுல யாராவது புகுந்தா புகுந்துட்டுப் போகட்டும்.

கேள்வி: ஸ்டியரிங்ல ரெண்டு கையும் வச்சிருக்கேன், அப்பவும் "கையை வைங்க"ன்னு கத்துது. ஆன்லைன்ல ஸ்டியரிங்ல மாட்டற வெயிட் ஒண்ணு விக்கிறாங்களே, வாங்கலாமா அண்ணே? (கிராய்டன் வாசகர்)

பதில்: வாங்காதீங்க தம்பி. கையை எடுத்து 15 செகண்டுக்குள்ள எச்சரிக்கை காட்டணும்ங்கறது ஐநா ஸ்டியரிங் விதியிலயே இருக்கு, கார் கம்பெனி உங்களை சீண்டறதுக்காக வச்சது இல்ல. நிறைய கார் கை இருக்கான்னு பாக்கறது இல்ல, ஸ்டியரிங்கை யாராவது லேசா திருப்புறாங்களான்னுதான் பாக்குது. நேர் ரோட்டுல ரெண்டு கையும் சமமா புடிச்சா அதுக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு கையோட கனத்தை மட்டும் ஒரு பக்கம் லேசா தொங்க விடுங்க, சத்தம் நிக்கும். தொட்டாலே தெரிஞ்சுக்கிற ஸ்டியரிங்கா இருந்தா அங்க வில்லன் குளிருக்குப் போடற கிளவுஸ்தான்.

வெயிட் மாட்டிட்டு என்ன பண்ணப் போறீங்க, பிரியாணி சாப்பிடவா? 2017-ல எம்1 மோட்டார்வேல, ஜங்ஷன் 8-க்கும் 9-க்கும் நடுவுல, ஒருத்தர் டெஸ்லாவை ஆட்டோபைலட்ல விட்டுட்டு பக்கத்து சீட்டுக்கு மாறி உக்காந்து போனார். பக்கத்துல போன யாரோ வீடியோ எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம் கோர்ட்ல 18 மாசம் லைசன்ஸ் போச்சு. கையை எடுத்துட்டு சட்டப்படி போகணும்னா ஃபோர்டு ப்ளூக்ரூஸ் மாதிரி அனுமதி வாங்கின சிஸ்டம் வேணும், 2023 ஏப்ரல்ல மஸ்டாங் மாக்-இ காருக்கு அனுமதி கிடைச்சது, அதுவும் மேப் பண்ணி வச்ச 2,300 மைல் மோட்டார்வேல மட்டும். அதுலயும் கண்ணு ரோட்டுல இருக்கான்னு ஒரு கேமரா உங்க மூஞ்சியையே பாத்துட்டு இருக்கும்.

கேள்வி: அண்ணா, பாரிசில ஒரு கலியாணத்துக்கு காரிலதான் போனனாங்கள். கலே தாண்டின உடன கார் நெடுக சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. 130 கிலோமீட்டரில ஓடலாம் எண்டு இருக்கிற ரோட்டில 90 எண்டு காட்டுது, ஒருக்கா தானாவே ஸ்பீடையும் குறைச்சுப் போட்டுது. பிள்ளையள் பின்னால இருந்து சிரிக்கினம். இது காரின்ர பிழையோ என்ர பிழையோ? (ஹாரோ வாசகி)

பதில்: உங்க மேல பிழை இல்ல தங்கச்சி. பிரான்ஸ்ல லாரியோட பின்பக்கம் வட்டமா 80, 90-ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்க, அந்த லாரி எவ்வளவு ஸ்பீடுல போகலாம்ங்கறதுக்கு. உங்க கேமரா அதை ரோட்டுக்கு வச்ச போர்டுன்னு படிக்குது. வெளிய போற ரோட்டுக்கு வச்ச நம்பரையும் அப்படித்தான் எடுத்துக்கும். மழை பெஞ்சா அங்க 130 இல்ல 110-தான், அதை சில கார் சரியா காட்டும், சிலது காட்டாது, மழை நேரத்துல கண்ணை நம்புங்க.

அந்த சத்தத்துக்குக் காரணம் ஐரோப்பிய சட்டம். 2024 ஜூலையில இருந்து அங்க விக்கிற எல்லா புதுக் காருக்கும் ஸ்பீடு எச்சரிக்கை கட்டாயம், ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அது தானா ஆன் ஆகணும். பிரிட்டன்ல அந்தச் சட்டம் இல்ல, ஆனா இங்க வர்றதும் பெரும்பாலும் அதே ஃபேக்டரி கார்தானே. அதனால நேத்து அணைச்சது இன்னைக்கு மறுபடி கத்தும். பல கார்ல அதுக்கு ஒரு ஷார்ட்கட் இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடி வீட்டு வாசல்லயே தேடி வைங்க.

இன்னொண்ணு, கடலுக்கு அடியில பிரான்ஸ் போற ரயில்ல காரை ஏத்தினதும் கிலோமீட்டருக்கு மாத்திடுங்க. வலது பக்கம் ஓட்டற ரோட்டுன்னு பல கார் ஜிபிஎஸ் பாத்து தானா புரிஞ்சுக்கும், சிலதுல மெனுவுல போய் மாத்தணும். முந்துற பக்கத்தை காரே தப்பா நினைச்சுக்கிட்டா, இடது லேன்ல முந்தும்போது தேவையில்லாம மெதுவாக்கும்.

கேள்வி: க்ரூஸ் போட்டா சார்ஜ் சீக்கிரம் தீருதா? (லெஸ்டர் வாசகர்)

பதில்: க்ரூஸால இல்ல, ஸ்பீடால. 60-ல போறதை விட 70-ல காத்து எதிர்க்கிற விசை மூணுல ஒரு பங்குக்கு மேல கூடுது. க்ரூஸை 65-ல வச்சுப் பாருங்க, ஸ்க்ரீன்லயே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: எப்பதான் கார்ல தூங்கிட்டே மான்செஸ்டர் போகலாம்? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: தானா ஓடற வண்டிகளுக்கான சட்டம் 2024 மே மாசமே ராஜா ஒப்புதலோட வந்துடுச்சு. ஆனா அந்தச் சட்டப்படி தனியா அனுமதி வாங்கின காருக்குத்தான் அது, உங்ககிட்ட இருக்கிறது டிரைவருக்கு உதவற கார். இடிச்சா பொறுப்பு உங்களோடது. ரெண்டு மணி நேரம் ஓட்டினா குறைஞ்சது 15 நிமிஷம் நில்லுங்கன்னு பிரிட்டன் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட் சொல்லுது, மோட்டார்வே ஓரமா இருக்கிற சர்வீசஸ்ங்கற ஓய்வு இடத்துல சார்ஜ்ல போட்டுட்டு அங்க தூங்குங்க. அலாரம் வச்சுட்டு தூங்குங்க, பெரும்பாலான இடத்துல ரெண்டு மணி நேரம்தான் ஃப்ரீ பார்க்கிங்.