பேச வரும் ஆங்கிலம் கட்டுரையில் ஏன் தடுக்குகிறது?

அன்புள்ள தங்கைக்கு,

குன்னூரில் பள்ளிப் படிப்பையும் கோவையில் பி.எஸ்சி. நர்சிங்கையும் முடித்து இங்கிலாந்துக்கு எம்.எஸ்சி. படிக்க வந்திருக்கும் நீங்கள், வார்டில் தடையின்றிப் பேச முடிந்தும் கட்டுரைகள் மட்டும் இலக்கணக் குறைக்காகத் திரும்பி வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். நீலகிரிக்காரர்களுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு என்று சமவெளியில் சொல்வார்கள்; கோத்தகிரியிலிருந்து வந்து இங்கேயே வேலையில் நிலைத்துவிட்ட நான் பார்த்தவரை, அது பேச்சுக்குத்தான் பொருந்தும். வெளிநாட்டில் படிக்க எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸின் எழுத்துப் பகுதிகூட ஒரு மணி நேரத்தில் குறைந்தது 150 சொற்களிலும் 250 சொற்களிலும் இரண்டு பதில்களைத்தான் கேட்கிறது. நீண்ட கட்டுரைக்கு அந்தப் பழக்கம் போதாது.

நீங்கள் அனுப்பிய பத்தியில், 'ஆஃப்டர் செக்கிங் த பிளட் பிரஷர், த பேஷன்ட் வாஸ் கிவன் ஆக்சிஜன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நோயாளிக்கு ஆக்சிஜன் கொடுக்கப்பட்டது' என்று தமிழில் எழுதினால், பார்த்தது செவிலியர் என்று படிப்பவர் தாமே புரிந்துகொள்வார். ஆங்கில இலக்கணப்படியோ, பார்த்தவர் நோயாளி என்றாகிவிடும். யார் பார்த்தார், யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார் என்பதே நம் தொழிலில் முதல் கேள்வி என்பதால், பேராசிரியர் இதை வெறும் நடைக்குறையாக விடமாட்டார். 'ஐ செக்ட்', 'த டாக்டர் பிரிஸ்கிரைப்ட்' என்று செய்தவரை முன்னால் வைத்து எழுதுங்கள்.

அடுத்தது காலம். நடந்ததை விவரித்து, அலசி, இனி என்ன செய்வது என்று திட்டமிடும்படி கிப்ஸ் என்ற கல்வியாளர் 1988இல் வகுத்த சுழற்சியைப் பின்பற்றி அனுபவக் கட்டுரை எழுதும்போது, நடந்ததை இறந்தகாலத்திலும் இனிச் செய்யப்போவதை எதிர்காலத்திலும் எழுத வேண்டும். நம் ஊர் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் வரும் 'ஷீ இஸ் ஹேவிங் பெயின்' நடுவில் புகுந்தால், வலி அன்றிருந்ததா இன்றும் இருக்கிறதா என்று தெரியாமல் போகும். 'எக்விப்மென்ட்ஸ்', 'அட்வைசஸ்', 'டிஸ்கஸ் அபவுட்' போன்ற வழக்கமான பிழைகளை ஒரு தாளில் எழுதி வைத்து, கட்டுரையை அனுப்புமுன் தேடி நீக்கினால் போதும். பெயர்ச்சொல்லுக்கு முன் வரும், தமிழில் இல்லாத 'ஏ', 'த' இரண்டும் நெடுநாள் தொல்லை தரும்; அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழுக் கட்டுரையையும் வேறொருவரிடமோ மென்பொருளிடமோ கொடுத்து மாற்றி எழுதச் செய்யாதீர்கள். அது முறைகேடாகக் கருதப்படலாம். பிழையைச் சுட்டிக்காட்டி, திருத்துவதை உங்களிடமே விடும் எழுத்துப் பயிற்சி மையம் உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். படிப்பு முடிந்தாலும் எழுத்து விடாது: இங்கே செவிலியராகப் பதிவு செய்துகொண்டால், பதிவைப் புதுப்பிப்பதற்காக 2016இல் வந்த மறுமதிப்பீட்டு விதிப்படி, 3 ஆண்டுக்கு ஒருமுறை 5 அனுபவக் குறிப்புகளை நீங்களே எழுத வேண்டியிருக்கும்.