கடிவாளம் இல்லாமல் மாட்டு வண்டியை எப்படித் திருப்பினார்கள்? அடித்துத்தானா?

"அடித்துத்தானா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் எழுதுகிறேன். சினிமாவில் சாட்டை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். என் அப்பா பல வருஷம் பாரவண்டி ஓட்டியவர்.

கடிவாளம் குதிரைக்கு. மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, அதில் கட்டிய தலைக்கயிறு வண்டிக்காரர் கையில் இருக்கும். வலப்பக்கம் திரும்ப வலத்து மாட்டின் கயிற்றை லேசாக இழுப்பது பாதி வேலைதான். இடத்து மாடு வெளிவட்டத்தில் கூடுதல் தூரம் நடக்க வேண்டும். அதன் முதுகைத் தொட்டு 'ஹேய்' என்றால் எட்டிப் போடும். மேட்டில் ஏறும்போது ஓட்டுபவர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இல்லாவிட்டால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்தை நுகத்தோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு அதன் தொண்டையை நெரிக்கும். இறக்கத்தில் பின்னால் நகர்வார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் பதிமூன்று வயதில் நெல் மூட்டை வண்டியை நான் ஓட்டினேன். அப்பா பின்னால் நடந்து வந்தார். வாய்க்கால் கரைத் திருப்பத்தில் வலக்கயிற்றைச் சீக்கிரமே வெடுக்கென்று இழுத்துவிட்டேன். உள்பக்கச் சக்கரம் வாய்க்காலில் இறங்கிவிட்டது. பயத்தில் தார்க்குச்சியால், அதாவது நுனியில் ஆணி வைத்த குச்சியால், குத்தினேன். செவலை மாடு அப்படியே படுத்துவிட்டது. மூக்கணாங்கயிற்றில் ஒரு சொட்டு ரத்தம்.

அப்பா என்னைத் திட்டவில்லை. குச்சியை வாங்கித் தண்ணீரில் எறிந்தார். நுகத்தை அவிழ்த்தார், நாலு மூட்டையை இறக்கினார், செவலையின் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் "எந்திரிடா" என்றார். எழுந்தது.

ஆக, யாருமே அடிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நானே குத்தியிருக்கிறேனே. ஆணி வைத்த குச்சி கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி போட்டது. நண்பகல் முதல் மூன்று மணி வரை 37 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் வண்டி கட்டக் கூடாது என்றும் அதில் உண்டு. விதி வந்ததே அடித்தவர்கள் இருந்ததால்தானே என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள். சரி, கேளுங்கள். ஆனால் குச்சியை நம்பி ஓட்டியவன் என்னைப் போல வாய்க்காலில்தான் நின்றான்.

அந்தச் செவலையை நான் விடுதியில் தங்கிப் படித்தபோது சித்தப்பா விற்றுவிட்டார். அந்தப் பணத்தில்தான் அவருடைய முதல் மோட்டார் சைக்கிள். அப்பாவுக்குப் பாதி தருகிறேன் என்றார். இன்னும் தரவில்லை.