நோட்டில் சரி, திரையில் தப்பு: புள்ளியியல் வீட்டுப்பாடம் பற்றிய கேள்வி–பதில்

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிசினஸ் ஸ்டாடிஸ்டிக்ஸ் வீட்டுப்பாடம் முழுக்க ஆன்லைனில்தான். நோட்டில் சரியாக வருகிற விடையை டைப் செய்தால் தப்பு என்று காட்டுகிறது. ஏன்?
– மாணவி, வண்ணாரப்பேட்டை

பதில்: பல நேரங்களில் உங்கள் விடையும் சரி, மென்பொருளின் விடையும் சரி, இரண்டும் வெவ்வேறு முறையில் போட்டவை. இது அதிகம் நடக்கும் இடங்களைப் பார்ப்போம்.

முதலில் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. 4, 6, 8, 10, 12 என்ற ஐந்து எண்களுக்குச் சராசரி 8, விலக்க வர்க்கங்களின் கூடுதல் 40. அதை 5-ஆல் வகுத்தால் திட்ட விலக்கம் 2.828, 4-ஆல் வகுத்தால் 3.162. கேள்வியில் ‘மாதிரி’ (சாம்பிள்) என்று இருந்தால் 4-ஆல்தான் வகுக்க வேண்டும். கேசியோ எம்எஸ் வகைக் கால்குலேட்டரில் ஷிஃப்ட், 2 அழுத்தினால் வரும் பட்டியலில் 2 என்பது முழுத் தொகுதிக்கானது, 3 என்பது மாதிரிக்கானது. அவசரத்தில் 2-ஐ அழுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது கால்மானம், அதாவது வரிசைப்படுத்திய எண்களை நான்கு சம பாகமாகப் பிரிக்கும் மதிப்பு. 3, 5, 7, 8, 9, 11, 13, 15 என்ற எட்டு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி நான்கால் வகுக்கும் நம் பாடப்புத்தக முறையில் முதல் கால்மானம் 5.5. கீழ்ப்பாதியின் இடைநிலையை எடுத்தால் 6. எக்ஸெலின் குவார்டைல்.இன்க் என்ற சார்பு 6.5 தரும். மூன்றுமே அங்கீகரிக்கப்பட்ட முறைகள்தான். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மட்டும் இதற்கு ஒன்பது வகைகள் உண்டு. ஆகவே உங்கள் பாடத்தில் எந்த முறை என்பதை முதல் வாரமே ஆசிரியரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

மூன்றாவது, டேபிளுக்காக எண்ணைச் சுற்றுவது. சராசரி 62, திட்ட விலக்கம் 9 உள்ள இயல்நிலைப் பரவலில் (மணி வடிவ வளைவு) 70-க்கு மேல் வரும் நிகழ்தகவு கேட்கிறார்கள். சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்பதைச் சொல்லும் இசட் 0.8888… என்று வரும். அதை 0.89 ஆக்கி டேபிளைப் பார்த்தால் விடை 0.1867. சுற்றாமல் கணக்கிடும் மென்பொருளுக்கு 0.1870. நான்காம் தசமம் வரை பொருந்த வேண்டும் என்று அமைத்திருந்தால் உங்களுக்குப் பூஜ்யம்தான்.

பெரிய மாதிரிக் கணக்கிலும் இதே சிக்கல். எண்ணிக்கை 30-ஐத் தாண்டினால் இசட் போடு என்பது நம் வகுப்பறைப் பழக்கம். பல மென்பொருள்கள் முழுத் தொகுதியின் திட்ட விலக்கம் தெரியாவிட்டால் இசட்டுக்குப் பதில் எப்போதும் சற்று அகலமான டி பரவலையே எடுக்கும். மாதிரியின் எண்ணிக்கை 36, சராசரி 52, திட்ட விலக்கம் 12 என்றால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மைச் சராசரி இருக்கும் என்று மதிப்பிடும் எல்லை) இசட் முறையில் 48.08 முதல் 55.92 வரை, டி முறையில் 47.94 முதல் 56.06 வரை.

இவை எதுவும் இல்லையென்றால், 0.0475 கேட்ட இடத்தில் 4.75 என்று சதவீதமாக அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மூடுல் என்ற ஆன்லைன் கற்றல் தளம் இருக்கிறது. 60 மாணவர்களுக்கு வாராவாரம் வீட்டுப்பாடம் கொடுக்க நினைக்கிறேன். ஒருவர் விடை போட்டால் பத்தே நிமிடத்தில் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?
– உதவிப் பேராசிரியர், தாம்பரம்

பதில்: ஆளுக்கொரு எண் கொடுத்துவிடுங்கள். மூடுலின் கேள்வி வங்கியில் ‘கால்குலேட்டட்’ வகையைத் தேர்ந்தெடுத்து, கேள்வியில் எண் வர வேண்டிய இடத்தில் நெளிவு அடைப்புக்குள் ஒரு பெயர் போடுங்கள். விடைக்கான சூத்திரத்தையும் அதே பெயர்களால் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் 100 மதிப்புகள் வரை உருவாக்கலாம். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் விடையை அனுப்பிப் பயனில்லை. வழிமுறையைத்தான் பேசிக்கொள்ள முடியும். அது நல்லதுதானே, பேசட்டும்.

இந்த வகையில் ஒரு குறை உண்டு: இயல்நிலைப் பரவலின் பரப்பைக் கணக்கிடும் சார்பு இதில் இல்லை. பி-மதிப்பு (அந்தப் பரப்பாக வரும் நிகழ்தகவு) கேட்கும் கேள்விகளுக்கு ஆர் மொழியின் ‘எக்ஸாம்ஸ்’ என்ற இலவசத் தொகுப்பு நன்றாக உதவும். ஒரு கேள்வியை எழுதி, 60 பிரதிகள் கேட்டால், மூடுலில் ஏற்றக்கூடிய ஒரே கோப்பாகத் தந்துவிடும்.

நீங்கள் அதிகம் யோசிக்க வேண்டியது விடையில் எவ்வளவு விலகல் அனுமதிப்பது என்பதைத்தான். மூடுலில் இதை டாலரன்ஸ் என்பார்கள். ‘ரிலேட்டிவ் 0.01’ என்று வைத்தால் சரியான விடையிலிருந்து ஒரு சதவீதம் விலகினாலும் மதிப்பெண் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன நம்பிக்கை இடைவெளியில் 47.94, 48.08 இரண்டுமே அதற்குள் அடங்கிவிடும்; டி போட வேண்டிய இடத்தில் இசட் போட்டவரும் தப்பிவிடுவார். தரவுகள் 50-க்கு மேல் போனால் திட்ட விலக்கத்தில் தவறான வகுஎண்கூட அந்த ஒரு சதவீதத்துக்குள் மறைந்துவிடும். சதவீதமாக இல்லாமல் நேர் எண்ணாக விலகலைக் குறிக்கும் ‘நாமினல்’ வகையில், கேள்விக்கு ஏற்ப 0.02 அல்லது 0.005 என்று நேரடியாக வையுங்கள்.

டேபிள் பார்த்துப் போடும் விடைக்கு வேறு அளவு வேண்டும். இசட்டைச் சுற்றுவதில் வரும் பிழை அதிகபட்சம் 0.005, வளைவின் உச்ச உயரம் 0.399, பெருக்கினால் ஏறத்தாழ 0.002. அவ்வளவு விலகலை அனுமதித்தால் டேபிள் பார்த்தவர் ஏமாற மாட்டார். ஆனால் விடையே 0.003 போலச் சிறியதாக இருந்தால் 0.002 மிகத் தாராளம். இதைவிட எளிய வழி, திட்ட விலக்கத்தை 10, 20, 25 என்று கொடுத்து மற்ற மதிப்புகளை முழு எண்ணாக வைப்பது. அப்போது இசட் தானாகவே இரண்டு தசமத்துக்குள் முடிந்துவிடும். 9, 12 கொடுத்தால் முடியாது.

முயற்சிகளைப் பொறுத்தவரை மூன்று போதும். அதிக மதிப்பெண்ணை எடுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். வரம்பில்லாமல் விட்டால் ஊகித்து ஊகித்தே சிலர் முழு மதிப்பெண்ணை எட்டிவிடுவார்கள்.

கேள்வி: ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் பாடத்தில் வாராந்திர அசைன்மென்ட் மதிப்பெண் சான்றிதழில் சேருமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: சேரும். 12 வாரப் பாடமென்றால் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரிக்கு 25 சதவீதம், நேரில் எழுதும் தேர்வுக்கு 75 சதவீதம். அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 தனித்தனியாக எடுத்தாக வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு ஆன்லைன் வீட்டுப்பாடத்தில் நூற்றுக்கு நூறு. இன்டர்னல் தேர்வில் பாதிகூட வரவில்லை. எப்படி?
– பெற்றோர், பெரம்பூர்

பதில்: பல மென்பொருள்களில் ‘இதே போன்ற கணக்கைச் செய்து காட்டு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் திறந்து வைத்து எண்களை மட்டும் மாற்றிப் போட்டால் நூறு வந்துவிடும். எந்தச் சூத்திரம் என்ற முடிவை அவர் எடுக்கவே இல்லை; தேர்வில் கேட்பது அந்த முடிவைத்தான். அதோடு, மென்பொருள் கடைசி எண்ணை மட்டும் பார்க்கிறது. தாள் திருத்துபவர் படிப்படியாக மதிப்பெண் போடுகிறார். படிகளை எழுதும் பழக்கம் விட்டுப்போனால் அந்த மதிப்பெண்களும் போகும்.

வீட்டுப்பாடம் திறந்த அன்றே கணக்குகளை நோட்டில் இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று வரி வேண்டும்: என்ன கேட்கிறார்கள், முழுத் தொகுதியின் திட்ட விலக்கம் கொடுத்திருக்கிறார்களா அல்லது மாதிரியிலிருந்து எடுக்க வேண்டுமா, அதனால் எந்தச் சூத்திரம். திரையைத் தொடுவது அதற்குப் பிறகுதான். கெடு முடிந்து நான்கைந்து நாள் கழித்து, தப்பாகப் போன கணக்குகளை மட்டும் செல்போன் இல்லாமல் மறுபடி போட்டுப் பார்க்கட்டும்.