படித்தது போதும், பத்து நிமிடம் எழுதுங்கள்

கேள்வி: பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில். தத்துவப் புத்தகங்கள் நிறைய படிக்கிறேன். ஆனால் பாலத்து நெரிசலில் மாட்டி வீடு வந்து சேர்ந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். நாள்கள் அர்த்தமில்லாமல் ஓடுகின்றன. படித்ததை வாழ்க்கையில் கொண்டுவருவது எப்படி?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, மூன்று மாதத்துக்குப் புதிதாக எதையும் படிக்காதீர்கள். படித்ததற்குப் பயிற்சிதான் குறைகிறது.

ரோமானியத் தத்துவஞானி செனெக்கா, கோபத்தைப் பற்றி எழுதிய நூலில் தம் இரவுப் பழக்கத்தைச் சொல்கிறார். விளக்கணைத்து, மனைவியின் பேச்சும் அடங்கியபின், அன்று சொன்னது செய்தது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் திருப்பிப் பார்ப்பார். இன்னாரை அளவுக்கு மீறிக் கண்டித்தாய், அவர் திருந்தவில்லை, மனம் நொந்ததுதான் மிச்சம் என்கிற அளவுக்குக் குறிப்பாகப் பார்ப்பார். கடைசியில், 'இனி இப்படிச் செய்யாதே, இம்முறை மன்னிக்கிறேன்' என்று தமக்கே சொல்லிக்கொள்வார். அந்த மன்னிப்பை நீங்களும் விட்டுவிடாதீர்கள். அதை விட்டால் இந்தப் பழக்கம் சில நாளிலேயே தன்னைத்தானே திட்டிக்கொள்ளும் சடங்காகிவிடும், நீங்களும் கைவிட்டுவிடுவீர்கள்.

நீங்கள் இதை எழுத்தில் செய்யுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். படுக்கும் முன் பத்து நிமிடம், கைப்பேசி வேறு அறையில். இரவு ஷிப்ட் என்றால் காலையில் வந்து படுக்கும் முன். எங்கே தவறினேன், எதைச் சரியாகச் செய்தேன், நாளை எதை மாற்றுவேன்: இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள்.

'இன்று கோபப்பட்டேன்' என்று எழுதினால் ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'மணி 8.10. கதவைத் திறந்தேன். சின்னவனின் பை நடு ஹாலில் கிடந்தது. கத்தினேன். 1 மணிக்குச் சாப்பிட்டதோடு சரி.' பையைவிடப் பசிதான் கத்த வைத்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? நாளைய மாற்றமும் அதிலேயே இருக்கிறது: பாலம் ஏறுமுன் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடுவது. 'இனிப் பொறுமையாக இருப்பேன்' என்று எழுதாதீர்கள். அதை எத்தனை மணிக்கு, எப்படிச் செய்வது? கையால் செய்யக்கூடிய ஒன்றை எழுதுங்கள். நாளுக்கு ஒன்றுதான். ஐந்தாறு எழுதினால் எதுவும் நடக்காது.

அடிமையாக இருந்து தத்துவ ஆசிரியராக உயர்ந்த எபிக்டெட்டஸ், நம் கையில் உள்ளதையும் இல்லாததையும் முதலில் பிரிக்கச் சொன்னார். நெரிசல் உங்கள் கையில் இல்லை. வாசலில் சொல்லும் முதல் வார்த்தை உங்களுடையது. ஆனால் இந்தப் பிரிப்பையே சாக்காக்கி, 'ஓவர்டைம் என் கையிலா இருக்கிறது?' என்று சொல்லி, அதைக் குறைக்கும்படி சூப்பர்வைசரிடம் கேட்காமலே இருந்துவிடுபவர்கள் ஏராளம். அவருடைய பதில்தான் உங்கள் கையில் இல்லை. போய்க் கேட்பது உங்கள் கையில்தான் இருக்கிறது, தயவுசெய்து கேளுங்கள்.

தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் நோட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) மருத்துவரைப் பாருங்கள்.

அர்த்தம் பற்றிக் கேட்டீர்கள். நான்கு வாரம் எழுதியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'சரியாகச் செய்தேன்' என்ற பதில்களை மட்டும் ஒருசேரப் படியுங்கள். மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததோ, புதிதாக வந்த தொழிலாளிக்கு உதவியதோ, ஏதோ ஒன்று திரும்பத் திரும்ப வரும். அடுத்த வார அட்டவணை போடும்போது அதற்கான ஒரு மணி நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மற்ற வேலைகளை அதைச் சுற்றி அடுக்குங்கள்.