பாகு பூப்பதும் புளிப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, குலாப் ஜாமூன் செய்த அன்று ஜீரா, அதான் சர்க்கரைப் பாகு, நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் அடியில் கற்கண்டாகக் கட்டிக் கிடக்கிறது. சர்க்கரை மட்டமோ?

பதில்: சர்க்கரை மேல் குற்றமில்லை தம்பி, தண்ணீர்தான் போதவில்லை. ஆறிய நிலையில் 100 கிராம் தண்ணீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். கொதிக்கும்போது அதில் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். கம்பிப் பதம் வரை காய்ச்சியிருப்பீர்கள். ஆறியதும் தாங்காத சர்க்கரை வெளியே வந்துவிட்டது. ஜாமூனுக்குக் கம்பிப் பதமே வேண்டாம், விரலில் பிசுக்கென்று ஒட்டினால் அடுப்பை அணைத்துவிடுங்கள். இப்போது ஜாமூனை எடுத்து வைத்துவிட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூடாக்குங்கள், கரைந்துவிடும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு விடச் சொல்கிறார்களே, ருசிக்கா?

பதில்: ருசிக்கு இல்லை. புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிகிறது. இவை குறுக்கே நிற்பதால் மிச்சச் சர்க்கரை சேர்ந்து படிகமாவது கடினம். அதனால் கொதிக்கும்போதே விட வேண்டும். இறக்கியபின் விட்டால் புளிப்புதான் மிஞ்சும். அப்புறம், பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய துகள்களை ஈரத் துணியால் வழித்துவிடுங்கள். ஒரு துகள் உள்ளே விழுந்தாலே போதும், அதைப் பிடித்துக்கொண்டு பாகு பூக்க, அதாவது படிகம் கட்ட, தொடங்கும். சர்க்கரை கரைந்தபின் சும்மா சும்மா கிளறவும் வேண்டாம். பாதுஷா மேல் வெள்ளையாகப் பூத்தால்தான் பிடிக்கும் என்றால், அங்கே கம்பிப் பதம் சரி.

கேள்வி: நன்னாரி சர்பத்துக்குக் காய்ச்சிய சீனிப்பாகு நுரைத்துப் புளித்துவிட்டது. மறுபடி கொதிக்க வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அண்ணா, கொட்டிவிடுங்கள். சீனியும் தண்ணீரும் சம எடை என்றால் பாகில் பாதிதான் சீனி. அதில் ஈஸ்ட் தாராளமாக வளரும். எடையில் 65 சதவீதம் சீனி இருந்தால் பெரும்பாலான கிருமிகள் தலையெடுக்காது. 67-ஐத் தாண்டினால் பூக்கும். இவ்வளவு குறுகிய இடைவெளியைக் கண்ணளவில் பிடிப்பது சிரமம், தராசு வையுங்கள். வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சீனி போட்டால், பாத்திரம் போக, காய்ச்சிய பாகு சுமார் 1,530 கிராம் இருக்க வேண்டும். சூட்டோடு மூடி வைத்தீர்களா? மூடியில் சேரும் ஆவி சொட்டி மேல்பரப்பு மட்டும் நீர்த்துப்போகும், பூஞ்சை அங்கேதான் முதலில் பிடிக்கும். ஈரக் கரண்டியும் அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: தேன் உறைந்துவிட்டது. கலப்படம்தானே?

பதில்: உறைவதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குளுக்கோஸ் அதிகமுள்ள நல்ல தேனும் உறையும், 14 டிகிரி வாக்கில் வேகமாக. கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள். அடுப்பில் நேரடியாகக் காய்ச்சினால் மணம் போய்விடும்.

கேள்வி: மழைக்காலத்தில் வெல்லம் கசிகிறதே, அதை அதிரசத்துக்குப் போடலாமா?

பதில்: வெல்லத்தில் பிரிந்த சர்க்கரையும் உப்புகளும் இருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அதிரசப் பாகு தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும். கசிந்த வெல்லம் பெரும்பாலும் பிசுக்காகவே நிற்கும். அதைப் பாயசத்துக்கு வைத்துக்கொண்டு, அதிரசத்துக்குப் பாகு வெல்லம் என்று கேட்டு வாங்குங்கள் அம்மா.